ஃபாதர் வரும்வரை

அலோசியஸ் தலைவருக்கு மூச்சு இழுக்கிறது என்று ஆள் வந்து சொன்னபோது பவுலின் மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் அவள் முதலில் நினைத்தது தன் முழங்காலைப் பற்றித்தான். மலையிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறி, புது வீடுகள் இருக்கிற மேட்டுக்குப் போக வேண்டும். இப்படியா நினைப்பது என்று தன்னையே கடிந்துகொண்டு ஒரு சிலுவை போட்டாள். கொழுந்துப் பையைப் பக்கத்துத் தேயிலை நிரையில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு இறங்கத் தொடங்கினாள்.

அவளுக்கு அறுபது வயது. வயதாகிவிட்டதென்று தோட்டத்தில் பேர் வெட்டி நாலு வருசமாகிறது. இருந்தாலும் அன்றன்றைய கூலிக்கு மலைக்குப் போய்வந்தாள். அதைவிட்டால் ஊசிமலைத் தோட்டத்து அந்தோனியார் கோயிலுக்கு அவள்தான் உபதேசியார். யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. இருபத்தொரு வருசம் உபதேசியாராக இருந்த அவள் கணவன் சவரிமுத்து ஒரு மழைக்காலத்தில் நெஞ்சடைத்துச் செத்துப்போனான். அடக்கத்துக்கு வந்த அப்போதைய பங்கு ஃபாதர், வேறு ஆள் கிடைக்கும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று கோயில் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது நடந்து ஒன்பது வருசம். இதற்குள் மூன்று ஃபாதர்மார் மாறிவிட்டார்கள். வேறு ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

இப்போதிருக்கிற ஃபாதர் ஜெனுஷனுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பதினான்கு தோட்டக் கோயில்களும் ஒரு மோட்டார் சைக்கிளும் அவர் பொறுப்பு. ஊசிமலைக்கு மாதத்தின் முதல் சனிக்கிழமை வருவார். மற்ற நாளெல்லாம் பவுலின்தான். ஞாயிறு காலையில் சுவிசேஷம் வாசிப்பாள், பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லிக்கொடுப்பாள், சாவு வீட்டில் ஜெபமாலை சொல்வாள், நோயில் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்புக் கொடுக்கவும் சாகப்போகிறவர்களின் நெற்றியில் அவஸ்தை எண்ணெய் பூசவும் அவளுக்கு உரிமை இல்லை. அதற்கெல்லாம் பட்டம் பெற்ற குரு வேண்டும். சாவு முதல் சனிக்கிழமை பார்த்தா வருகிறது?

தேயிலைப் பெக்டரி வளைவில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று ஃபாதரைக் கூப்பிட்டாள். அவர் தூரத்துத் தோட்டமொன்றில் ஒரு அடக்கத்தில் இருந்தார். ஆறு மணிக்குள் வந்துவிடுவதாகவும் அதுவரை பக்கத்தில் இருந்து செபம் சொல்லும்படியும் சொன்னார். அப்போது மணி மூன்று.

அலோசியஸ் முப்பது வருசம் அந்தத் தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். ஒரு காலத்தில் அவர் குரல் கேட்டால் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் துரைகூடப் பேச்சை நிறுத்துவார். இப்போது மகள் டிலுக்ஷியின் புது வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், எலும்பும் தோலுமாகச் சாய்ந்து கிடந்தார். பவுலினைப் பார்த்ததும் அவர் கண் அவள் பின்னால் யாரையோ தேடியது.

"ஃபாதர் வரலியா?"

"வந்துக்கிட்டு இருக்காரு. ஆறு மணிக்குள்ள வந்துருவாரு."

"அதுக்குள்ள முடிஞ்சிரும்." அவர் டிலுக்ஷியைப் பார்த்து சுடுதண்ணி வைக்கச் சொன்னார். அவள் குசினிக்குப் போனதும் மெதுவாக, "நீங்க கேளுங்க உபதேசியாரம்மா" என்றார்.

"என்னால மன்னிப்புக் குடுக்க ஏலாது தலைவரே. உங்களுக்குத் தெரியாததா?"

"கேக்கவாச்சும் ஏலும்ல."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் விட்டுவிட்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார். ஏழு வருசத்துக்கு முன்னால் தோட்டத்துக்கு இருபது தனி வீடுகள் வந்தன. ரொம்பவும் மோசமான லய வரிசை வீடுகளில் இருக்கிற இருபது குடும்பத்தின் பேரைக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் போட்டு எல்லாருமாக முடிவு செய்த பட்டியலில் ஐந்தாம் லயத்து ராக்காயியின் பேர் பதினேழாவதாக இருந்தது. அதைத் துப்புரவாகப் படியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அலோசியஸுடையது. அவர் ராக்காயியின் பேரை எடுத்துவிட்டு டிலுக்ஷியின் பேரை எழுதினார். டிலுக்ஷிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. ராக்காயி வந்து கேட்டபோது, மேலிடத்தில்தான் பேரை வெட்டிவிட்டார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணினார்.

"ராக்காயி" என்றார் மறுபடியும். "அந்தப் புள்ள என்னைய நம்பிட்டுப் போச்சு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

பவுலினுக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தாள். ஆனால் சவரிமுத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: நம்மிடம் இல்லாததைக் கொடுக்கக்கூடாது.

"ஃபாதர் வரட்டும் தலைவரே" என்றாள்.

அலோசியஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து மணிக்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. ஃபாதர் ஜெனுஷன் ஆறு பத்துக்குச் சேறும் சகதியுமாக வந்து இறங்கி, வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்ததுமே எண்ணெய்ச் சிமிழை எடுக்கப்போன கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்.

இது முதல் தடவை இல்லை. ஒன்பது வருசத்தில் சாகக் கிடந்தவர்கள் பலரும் ஃபாதருக்குச் சொல்ல வைத்திருந்ததை அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தி அக்காவின் நகையை எடுத்து அடகு வைத்ததைச் சொன்னாள். ஒருவன் தம்பிமேல் பொய்யாகப் பொலிஸில் எழுதி வைத்ததைச் சொன்னான். குருவிடம் சொன்ன பாவம் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து அங்கேயே கரைந்துவிடும் என்று அவளே பிள்ளைகளுக்குப் படித்துக்கொடுத்திருக்கிறாள். உபதேசியாரிடம் சொன்னது எங்கே போகும் என்று அவளுக்கு யாரும் படித்துக்கொடுக்கவில்லை. அது எங்கேயும் போகவில்லை. அவளிடமே இருந்தது.

இருந்தாலும் அந்தக் கதைகளில் வந்த அக்காவும் தம்பியும் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள், அல்லது கண்காணாத தூரத்தில் இருந்தார்கள். ராக்காயி அப்படியில்லை. மலையில் இரண்டு நிரை தள்ளி நிற்கிறவள். ஐந்தாம் லயத்தின் கடைசி ஒற்றையறைக் காம்பிரா அவளுடையது. பின்னால் செங்குத்தாக மண்மேடு. பெரிய மழை பெய்தால் பின்சுவர் வழியாகச் செந்தண்ணீர் உள்ளே வரும். மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மருமகள் நிஷாந்தியையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மழை நாளெல்லாம் மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தலைவரின் அடக்கத்துக்குத் தோட்டமே வந்தது, சைவக்காரர், வேதக்காரர் என்ற வித்தியாசமில்லாமல். ராக்காயி வரவில்லை. கோபம் போலிருக்கிறது என்று பவுலின் நினைத்தாள். ஆனால் அடுத்த மாதம் அவள் மலைக்கும் வரவில்லை. அதற்கு அடுத்த மாதம் நிஷாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: மாமிக்குச் சோறு இறங்குவதே இல்லை, வெறும் தேயிலைச் சாயத்தண்ணியில் உயிர் நிற்கிறது, டொக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார். பவுலின் கேட்டுக்கொண்டாள். அன்றைக்குக் கொழுந்து நிறுக்கையில் அவளுடையது எப்போதையும்விட இரண்டு கிலோ குறைவாக இருந்தது.

ஒக்டோபரில் ஒரு கிளினிக் நாள். பிரஷருக்கு மருந்து எடுக்க டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீள வாங்கில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது கந்தப்பன் பூசாரி. கீழ் லயத்துக் காளி கோயிலுக்கு அவர் பூசாரி. அவருக்கும் பட்டம் எதுவும் கிடையாது. திருவிழாவுக்கு அட்டனிலிருந்து ஐயர் வந்தால் கந்தப்பன் வெளியே நின்று மணியடிப்பார். ஐயர் பஸ் ஏறியதும் மறுபடி உள்ளே போவார். வருசத்தில் மூன்று நாள் ஐயருடைய கோயில், மற்ற நாளெல்லாம் கந்தப்பனுடையது. அவருக்கு சீனி வருத்தம். கால் பெருவிரலில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசயம் கேக்கணும் உபதேசியாரம்மா. யாரு எவருன்னு மட்டும் கேக்காதீங்க."

"சொல்லுங்க பூசாரியண்ணே."

அவர் சொன்னது இதுதான். ஒரு பொம்பிளை இந்த வருசம் மாசி மாதம் ஒரு ஆள் மேல் சந்தேகப்பட்டு, கோயிலுக்கு வந்து காசு வெட்டிப் போட்டாள். நியாயம் கிடைக்காதவர்கள் காளிக்கு முன்னால் கல்லில் வைத்து ஒரு காசை வெட்டி, எனக்குத் துரோகம் செய்தவனை நீயே கேள் என்று முறைப்பாடு வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஆறு மாதத்தில் அந்த ஆள் செத்துப்போனார். அன்றிலிருந்து அவள், நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன் என்று சாப்பிடாமல் கிடக்கிறாள். கந்தப்பன் ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் ஒரு துண்டில் பரிகாரம் எழுதிக் கொடுத்தார். எலுமிச்சம்பழம், எள், பதினொரு நாள் விளக்கு எல்லாம் செய்தாகிவிட்டது.

"செஞ்சும் சோறு எறங்கல. அதுக்குப் பரிகாரம் வேணாம்மா. அந்த ஆளு தெரிஞ்சு துரோகம் பண்ணாரா, இல்ல அவருக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாதா, அது தெரியணுமாம். குத்தம் இல்லாத ஆள் மேல போட்டுட்டேனோன்னுதான் அது சாகுது. அத நான் எங்க போய்க் கேக்குறது? ஆத்தா என்கிட்ட அப்பிடியெல்லாம் பேசுறதில்ல. சனங்க முன்னால சொல்லிக்கிறதில்ல, உங்ககிட்ட சொல்றேன்."

பவுலின் தன் கிளினிக் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யாரைச் சொல்கிறார் என்பது அவர் வாயெடுத்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பதும் தெரிந்தது. அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். அன்றைக்குப் பிரஷர் கூடவாக இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம். முன்பக்கத்தில், மதகுருமாருக்கு என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிற சீட் மட்டும் காலியாக இருந்தது. அதில் காவியுடுத்த பௌத்த ஹாமதுருமார் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், ஃபாதர்மார் பார்த்திருக்கிறாள், ஒரு தடவை அட்டன் பள்ளிவாசல் மௌலவியும், திருவிழாவுக்கு வந்த ஐயரும். உட்காருங்கள் அம்மா, நாமும் அந்த வேலைதானே பார்க்கிறோம் என்றார் கந்தப்பன். அவர் சிரிக்கவில்லை, அலுத்துப்போய்த்தான் சொன்னார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்ததால் அவளும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பஸ் ஹோல்ட் தாண்டி ஒரு வயதான ஹாமதுரு ஏறினார். அவள் பதறி எழுந்தாள். "இந்தகன்ன அம்மே" என்று அவர் கையமர்த்தினார். உட்காரச் சொல்கிறார், ஆனால் ஹாமதுருவுக்குப் பக்கத்தில் ஒரு பொம்பிளை எப்படி உட்காருவது? அவள் உட்காராததால் அவரும் உட்காரவில்லை. தோட்டத்துச் சந்திவரை மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, சீட் காலியாகவே வந்தது.

நவம்பர் முதல் சனிக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, ஃபாதர் ஜெனுஷன் கோயில் படியில் உட்கார்ந்து நனைந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது பூசை, இன்னும் ஒன்று பாக்கி. பவுலின் அவருக்குச் சாயத்தண்ணி கொடுத்துவிட்டு, பேர் சொல்லாமல் கேட்டாள். சாகிற ஆள் என்னிடம் சொன்னதை நான் இன்னொருவருக்குச் சொல்லலாமா?

உங்களிடம் சொன்னது பாவசங்கீர்த்தனம் ஆகாது, ஆகவே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற குருமாருடைய சட்டம் உங்களைக் கட்டாது என்றார் ஃபாதர். ஆனால் நம்பிச் சொன்னது நம்பிச் சொன்னதுதான் என்றும் சொன்னார்.

"சொல்லலேன்னா ஒரு உயிர் போயிரும்போல இருக்கு ஃபாதர்."

"சட்டத்தைக் கேட்டா என்னால சொல்ல முடியும்மா. இதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல." அவர் குவளையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "நான் கேட்டிருந்தா வாயத் தொறக்கவே ஏலாது. செத்தாலும் ஏலாது. அது எனக்கு ஒரு வகையில லேசு. உங்களுக்கு அந்த லேசு இல்ல."

அந்த நேரத்தில்தான் அவள் மற்றதையும் கேட்டாள். எனக்கு முடியவில்லை ஃபாதர், வேறு யாரையாவது போடுங்கள் என்றாள். அவர் பாஸ்காத் திருநாள் வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார். போன வருசமும் பாஸ்கா வரை என்றுதான் சொல்லியிருந்தார். மோட்டார் சைக்கிள் மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

செவ்வாய்க்கிழமை காலை பவுலின் மலைக்குப் போகாமல் ஐந்தாம் லயத்துக்குப் போனாள். நிஷாந்தி வேலைக்குப் போயிருந்தாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ராக்காயி இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்துச் சுருண்டு கிடந்தாள். ஐம்பத்து நாலு வயதுக்காரி, எழுபது போலத் தெரிந்தாள். உள்ளே பின்சுவரோரம் மண்மூட்டைகள் அடுக்கியிருந்தன.

பவுலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. அலோசியஸ் சாகிற அன்றைக்குச் சொன்னதை, சொன்ன மாதிரியே சொன்னாள். பதினேழாம் நம்பரையும், பேரை மாற்றி எழுதியதையும், பொய்ச் சத்தியத்தையும். கந்தப்பன் தன்னிடம் பேசியதை மட்டும் சொல்லவில்லை.

ராக்காயி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"என் பேரச் சொன்னாராக்கா? இல்ல, அஞ்சாம் லயத்துக்காரின்னு சொன்னாரா?"

"பேரச் சொன்னாரு. மன்னிப்புக் கேக்கையிலயும் ராக்காயின்னு பேரச் சொல்லித்தான் கேட்டாரு."

"அப்ப நான் போட்டது சரியான ஆளுக்குத்தான்." அவள் காசு வெட்டிய கதையைத் தன் வாயாலேயே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "சரியான ஆளா இருந்தாலும் கொன்னது நாந்தானே" என்றாள்.

"நீ எப்ப வெட்டுன?"

"இந்த மாசியில."

"அவரு மூணு வருசமா நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுத்துக்கிட்டு இருந்தாரு. கிளினிக்ல எனக்கு முன்னால நின்னு இருமுவாரு. நீ காசு வெட்டறதுக்கு முந்தியே டொக்டர் கைய விரிச்சாச்சு. டிலுக்ஷியக் கேட்டுப் பாரு."

ராக்காயி அழத் தொடங்கினாள். நிம்மதியில் வந்த அழுகை இல்லை அது. என் வீட்டில் படுத்துத்தான் அந்த மனுசன் செத்திருக்கிறான் என்று தரையில் அடித்து அழுதாள். ஏழு வருசமாக மழைக்குத் தூங்காத கணக்கெல்லாம் அந்த அழுகையில் வந்தது. அழுது ஓய்ந்ததும் பவுலினைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை.

"மூணு மாசமா தெரிஞ்சு வச்சிக்கிட்டு, நான் சாகறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"ஆமா."

மன்னித்துவிடு, அவரையும் என்னையும் என்று கேட்டாள்.

"அதெல்லாம் பொறகு பாக்கலாம்" என்றாள் ராக்காயி. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "பானையில சோறு இருக்கான்னு பாருங்கக்கா."

இருந்தது. ரசமும் கொஞ்சம் கருவாடும் இருந்தன. பவுலின் எடுத்துவந்து வைத்தாள். ராக்காயி நாலு கவளத்துக்குமேல் சாப்பிடவில்லை. ஆனால் அந்த நாலும் இறங்கின.

ராக்காயி யாரிடமும் சொல்லாமல் இருப்பாள் என்று பவுலின் எதிர்பார்க்கவில்லை. அப்படி வேண்டிக்கொள்ளவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. டிலுக்ஷி கோயில் வாசலுக்கே வந்து நின்று, நம்பிச் சொன்ன வார்த்தையை விற்றுவிட்டீர்களே, அப்பாவின் எலும்பு இன்னும் மக்கவில்லையே என்று கேட்டாள். கேட்டவர்களில் பாதிப் பேர் அவள் பக்கம். அடுத்த ஞாயிறு செபத்துக்குப் பதினோரு பேர்தான் வந்தார்கள். மேல் லயத்தில் ஒரு கிழவருக்குக் கடைசி நேரம் வந்தபோது பவுலினைக் கூப்பிடவில்லை. ஃபாதருக்குப் போன் எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஃபாதர் வருவதற்குள் அவரும் போய்விட்டார்.

டிசம்பரில் ஃபாதர் ஜெனுஷன் நேராக அவள் வீட்டுக்கே வந்தார். வட்டகொடையிலிருந்து மாற்றலாகி வந்த பிரேமினி டீச்சர் கோயில் வேலையை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார் என்றார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலம்மா. சனங்க பயப்படுறாங்க."

"நான்தானே கேட்டேன் ஃபாதர்" என்றாள் பவுலின். சாவியை எடுத்துக் கொடுத்தாள். வருசக்கணக்காக விரும்பியது இப்படி ஒரு வழியில் வந்து சேர்ந்தது. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். தூக்கம்தான் வந்தது. எழுந்தபோது சாயங்காலம் நாலு மணி.

வீடு ராக்காயிக்குக் கிடைக்கவில்லை. கேட்க வேண்டிய இடங்களில் நிஷாந்தி போய்க் கேட்டாள். ஏழு வருசத்துப் பழைய பட்டியலை இனி யாராலும் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. ஆனால் அந்த மாதக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை ஊற்றியபோது, ஒரு காலை நேரம் டிலுக்ஷி குடையோடு ஐந்தாம் லயத்துக்கு வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், பிள்ளைகளை அனுப்புங்கள், மழை விடும்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றாள். நிஷாந்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் பின்னால் போனாள். ராக்காயி போகவில்லை. போகிறவர்களைத் தடுக்கவும் இல்லை. காளி கோயிலில் வைத்த முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறாயா என்று கந்தப்பன் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் மலைக்கு வந்துவிட்டாள், பழையபடி இரண்டு நிரை தள்ளி நிற்கிறாள், முன்புபோலவே கொழுந்து எடுக்கிறாள். பவுலினிடம் அதிகம் பேசுவதில்லை. பத்து மணிக்கு ரொட்டியைப் பிட்டால் ஒரு துண்டு இந்தப் பக்கம் வரும்.

தை மாதம் பிறந்து ஒரு வாரத்தில் கந்தப்பன் பவுலின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய அக்கா காளியாயிக்கு எழுபத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பவுலினைக் கேட்கிறாளாம்.

"நான் இப்ப உபதேசியார் இல்லீங்களே அண்ணே. பிரேமினி டீச்சர்தான். அதுவும் உங்க அக்கா வேதக்காரங்க இல்லையே."

"அதுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. கூடப்பொறந்த தம்பி பூசாரியா இருக்கான், அவன்கிட்ட மனசு விட்டுப் பேச ஏலாதுங்குது. உங்களக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுது."

நான் என்ன செய்தேன் என்று தோட்டமே பேசுகிறதே, அது அக்காவுக்குத் தெரியாதா என்று பவுலின் கேட்டாள். தெரியும் என்றார் கந்தப்பன். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கீழ் லயத்தில், காம்பிராவுக்குள், பாயில் கம்பளியைப் போர்த்திக் காளியாயி கிடந்தாள். வெளியே நல்ல வெயில். கந்தப்பன் தானாகவே இஸ்தோப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பவுலின் கீழே உட்கார்ந்து, கிழவியின் காதருகே குனிந்தாள். இந்தத் தடவை அவள் முதலில் பேசினாள்.

"அக்கா, நான் ஃபாதரும் இல்ல, பூசாரியும் இல்ல. மன்னிப்புக் குடுக்க எனக்கு ஏலாது. நீங்க எதச் சொன்னாலும் கேட்டுக்குவேன். ஆனா உயிரோட இருக்கிறவங்களுக்கு அது தெரியணும்னு எனக்குப் பட்டா, நான் அவங்ககிட்டப் போய்ச் சொல்லிருவேன். சம்மதம்னா சொல்லுங்க."

காளியாயி கூரைத் தகரத்தைப் பார்த்தபடி யோசித்தாள். வாசலில் கந்தப்பன் இருமுவது கேட்டது. கிழவியின் கண் அந்தப் பக்கம் ஒருதரம் போய்விட்டுத் திரும்பியது.

"அப்ப வேணாம்" என்றாள். "கையப் புடிச்சிக்கிட்டு இருங்க. அது போதும்."

பவுலின் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அறுபது வருசம் கொழுந்து எடுத்த கை, விரல் நுனியெல்லாம் காய்த்துக் கறுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கிழவி தூங்கிப்போனாள். பவுலின் சுவரில் முதுகைச் சாய்த்து, வலிக்கிற காலை நீட்டி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.